அப்பா படுத்தார், பவரும் படுத்தது

27 வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். கும்பகோணம் – தஞ்சாவூர் சாலையில் ஒரு சார்பதிவாளர் அலுவலகம், அதற்கு எதிர்ச்சாரியில் தகரக் கொட்டகை. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கரண்ட் போனால் பனையோலை விசிறி. கிரயம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, பவர், உயில் எதுவானாலும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூட வாசகம் பிசகாமல் சொல்வேன். "நான் நல்ல மனதோடும் பூரண சுயநினைவோடும் பிறர் தூண்டுதல் ஏதுமின்றியும் எழுதி வைத்தது என்னவென்றால்..." இந்த வரியை எத்தனை ஆயிரம் தடவை அடித்திருப்பேனோ, கணக்கில்லை. அதில் வரும் 'பூரண சுயநினைவு' என்ற இரண்டு வார்த்தைக்கு என்ன விலை என்பது 2024 ஐப்பசியில்தான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் ஊர் பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரை. அப்பாவுக்கு அப்போது 78 வயது. சம்பா நடவு முடிந்து முதல் களை எடுக்கிற நேரம், மழை வேறு விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. கொல்லையில் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தவர் மண்வெட்டியைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அம்மா வாயு என்று நினைத்து ஓமக் கஷாயம் போட அடுப்பு மூட்டியதில் ஒரு மணி நேரம் போயிற்று. தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். முதல் நாள் கையை அழுத்தினால் திருப்பி அழுத்தினார். இரண்டாம் நாள் அதுவும் இல்லை. மூன்றாம் நாள் வென்டிலேட்டர்.

ஐசியூவுக்குள் கொண்டுபோன அன்றே ஒரு நர்ஸ் வெளியே வந்து பிளாஸ்டிக் கவர் ஒன்றைக் கையில் கொடுத்தார். மேலே அப்பா பெயரும் ஐபி நம்பரும் ஒட்டியிருந்தது. உள்ளே அவருடைய வெள்ளி அரைஞாண், கத்தரியால் இரண்டாக வெட்டப்பட்டு. கழற்ற வரவில்லையாம். அம்மா அந்தக் கவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னதற்கெல்லாம் அழாதவள் அதற்கு அழுதாள். "செத்தாத்தான்டா அரைஞாணை அறுப்பாங்க. உசுரோட இருக்கற மனுசனுக்கு அறுத்துட்டாங்களே."

காசு விஷயத்துக்கு வருகிறேன். அப்பா பெயரில் வங்கியில் 4 லட்சம் டெபாசிட் இருந்தது. சாலையோரம் இரண்டு மா நஞ்சை விலை பேசி, 1 லட்சம் அட்வான்ஸும் வாங்கியாகிவிட்டது. இரண்டுக்கும் நான் கவலையே படவில்லை. ஏனென்றால் 2022-லேயே எனக்கு அப்பா பொது பவர், அதாவது அவர் சார்பில் நான் செயல்படலாம் என்ற அதிகாரப் பத்திரம், எழுதிக் கொடுத்திருந்தார். எழுதியது நான்தான். வங்கிக் கணக்கு, நிலம், சொசைட்டிக் கடன், மின் இணைப்பு வரை ஒன்று விடாமல் ஏழு பக்கம். பதிவு செய்த பத்திரம். அதை மடியில் வைத்துக்கொண்டு மகாராஜா மாதிரி வங்கிக்குப் போனேன்.

மேனேஜர் நல்ல மனிதர். பத்திரத்தை முழுக்கப் படித்துவிட்டு, "அப்பா இப்ப எப்படி இருக்காங்க?" என்றார். சொன்னேன். பத்திரத்தை மெதுவாக என் பக்கம் தள்ளி வைத்தார்.

"சார், இது உங்க தொழில். உங்களுக்கு நான் சொல்லணுமா?"

எனக்குச் சட்டென்று காது அடைத்துப்போயிற்று. 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டம், 201-வது பிரிவு. பவர் கொடுத்தவர் இறந்தால் பவர் முடிந்தது. அது டீக்கடைக்காரருக்கும் தெரியும். கொடுத்தவருக்குப் புத்தி சுவாதீனம் போனாலும் முடிந்தது என்று அதே வரியில் இருக்கிறதே, அதைத்தான் நாங்கள் யாரும் வாய்விட்டுப் படிப்பதில்லை. நான் யாருக்காக ஏஜெண்டோ அவருக்கு நினைவு இருக்கும்வரைதான் நான் ஏஜெண்டு. தன்னால் முடியாமல் போகும்போது பையன் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் எல்லா அப்பாவும் பவர் எழுதுகிறார்கள். முடியாமல் போகிற அன்றுதான் அது செத்துப்போகிறது. மழைக்கு என்று வாங்கிய குடை, மழை வந்தால் விரியாது என்பது போல.

நாமினியாக அம்மா பெயர் இருக்கிறதே என்று கேட்டேன். "அய்யா இருக்கறவரைக்கும் நாமினிக்கு ஒரு வேலையும் இல்லை சார்" என்றார். பிறகு அவரே யோசித்து ஒரு வழி சொன்னார். கையெழுத்துப் போட முடியாதவரிடம் கைநாட்டு வாங்கலாம். கை வரவில்லை என்றால் கால் பெருவிரல் ரேகையே வாங்கலாம், ரிசர்வ் வங்கி விதியிலேயே இருக்கிறது. இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரி. "நானே ஆஸ்பத்திரிக்கு வர்றேன். ஆனா நான் கேக்கறது அவருக்குப் புரியணும்." சொன்னபடி அன்று சாயங்காலமே வந்தார். முகக்கவசமும் பச்சை அங்கியும் போட்டுக்கொண்டு கட்டிலோரம் நின்று, "அய்யா... அய்யா..." என்று மூன்று தடவை கூப்பிட்டார். அப்பாவின் கால் பெருவிரல் போர்வைக்கு வெளியே தெரிந்தது. நகத்தில் இன்னும் கொல்லை மண். மேனேஜர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் மை தடவியிருக்க மாட்டேன்.

அந்த ராத்திரி எனக்கு ஒரு கெட்ட புத்தி வந்ததை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நிலம் வாங்குகிறவர் பணத்தோடு தயாராக இருந்தார். ஏஜெண்ட் வந்து கிரயம் எழுதிக் கொடுத்தால், பதிவு அலுவலகத்தில் பவர் கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கு டாக்டரின் உயிர்வாழ் சான்று கேட்பார்கள். அப்பா உயிரோடுதானே இருக்கிறார்? சான்றில் அதற்கு மேல் ஒரு வார்த்தையும் பொய் இருக்காது. உயிர் இருக்கிறதா என்று கேட்கிற படிவம், நினைவு இருக்கிறதா என்று கேட்பதில்லை. பத்து நிமிட வேலை. எதிர்ச்சாரியில் உட்கார்ந்து 27 வருடம் பார்த்த எனக்கு அந்தச் சந்து தெரியாதா? விடிய விடிய யோசித்தேன். செத்த பவரில் கிரயம் வாங்கியவனுக்கு நாளைக்கு மண்ணும் நிற்காது, பணமும் நிற்காது. என் கையெழுத்துள்ள பத்திரம் ஒன்று கோர்ட்டில் கிழிபடுவதைவிட நகை அடகுக்குப் போகலாம் என்று முடிவு செய்தேன். விடிந்ததும் என் வீட்டுக்காரியின் இரட்டை வடச் சங்கிலி கூட்டுறவு சங்கத்துக்குப் போயிற்று. இன்னும் முழுசாக மீட்கவில்லை. அதுவும் இங்கே பதிவாகட்டும்.

தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். வீடியோவில் கத்தினான். "இங்க எல்.பி.ஏ.ன்னு ஒண்ணு இருக்குண்ணே. நினைவு இருக்கறப்பவே எழுதி வச்சிடணும். நினைவு போன அன்னைக்குத்தான் அது முழிச்சிக்கும்." விசாரித்தேன், உண்மைதான். சிங்கப்பூரின் மனத்திறன் சட்டத்தில் 2010 முதல் அந்த நீடிக்கும் பவர் நடைமுறையில் இருக்கிறது. அங்கே நினைவு போனால் விழிக்கிறது, இங்கே நினைவு போனால் தூங்குகிறது. நம் நாட்டில் அப்படி ஒரு காகிதம் இல்லை. கோமாவில் கிடப்பவருக்குக் காப்பாளர் நியமிக்க என்று தனிச் சட்டமும் இல்லை. உயர் நீதிமன்றத்துக்கு ரிட் போட வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் கோமாவில் இருந்த ஒருவரின் மனைவியைக் காப்பாளராக நியமித்து, சொத்தைக் கையாளவும் அனுமதி கொடுத்தது. தஞ்சாவூர் மாவட்டம் என்பதால் எங்களுக்கு மதுரைக் கிளை. பக்கத்திலிருக்கும் வலங்கைமான்காரர் திருவாரூர் மாவட்டம், அவர் சென்னைக்குப் போக வேண்டும். எந்தக் கோர்ட் என்பதற்கே இப்படி ஒரு ஆறு தாண்டல். வக்கீலைக் கேட்டேன். டாக்டர்களின் அறிக்கை, வாரிசுகள் எல்லாருடைய ஒப்புதல் என்று பட்டியல் சொன்னார். நான் ஃபைலைச் சேர்த்து முடிப்பதற்குள் அப்பா போய்விட்டார்.

போன விதத்தைச் சொல்ல வேண்டும். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

19-ம் நாள் டாக்டர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். தொண்டையில் துளை போட்டுக் குழாயை மாற்ற வேண்டும், போட்டாலும் நினைவு திரும்பும் என்ற நம்பிக்கை இல்லை, என்ன செய்யலாம் நீங்களே சொல்லுங்கள் என்றார். மயிலாடுதுறையிலிருந்து அக்கா வந்திருந்தாள். "போடுங்க டாக்டர்" என்றாள் ஒரே வார்த்தையில். நான் வேண்டாம் என்றேன். தம்பி போனில், டாக்டர் என்ன சொல்கிறாரோ அப்படி என்றான். டாக்டர் குடும்பம் என்ன சொல்கிறதோ அப்படி என்கிறார். அத்தான் நடுவில் புகுந்து, "மாமா என்ன நினைச்சிருப்பாங்கன்னு யோசிங்க" என்றார். அதுதான் எங்களில் யாருக்கும் தெரியவில்லை. விதைநெல் எந்தப் பத்தாயத்தில் இருக்கிறது, குறுவைக்கு யாரிடம் ஆள் சொல்லியிருக்கிறது, காரியத்துக்கு எந்தச் சமையல்காரர் என்பது வரை சொல்லி வைத்திருந்த மனிதர். இதை மட்டும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நானும் அக்காவும் ஆஸ்பத்திரி கேண்டீனில் ஒருவரை ஒருவர் பேசிக்கொண்ட பேச்சு இன்றைக்கும் வீட்டில் மூலையில் உட்கார்ந்திருக்கிறது. "காசுக்குப் பாக்கறியாடா?" என்று அக்கா கேட்டாள். அடகுச் சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது.

கடைசியில் எல்லாரும் செய்வதை நாங்களும் செய்தோம். 'மருத்துவரின் ஆலோசனைக்கு மாறாக, எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் அழைத்துச் செல்கிறோம்' என்று ஒரு காகிதம். மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்தே பழகிய கை, அதில் கையெழுத்துப் போட நடுங்கியது. ஆம்புலன்ஸில் ஒரு பையன், 20 வயது இருக்கும், அப்பாவின் வாய்க்குழாயில் ரப்பர்ப் பையை மாட்டிக் கையால் அமுக்கிக்கொண்டே வந்தான். அய்யம்பேட்டை தாண்டும்போது, "கை மாத்திக்கிறீங்களாண்ணே, வலிக்குது" என்றான். நான் வாங்கி அமுக்கினேன். பாபநாசம் வரை அப்பாவின் மூச்சு என் கையில் இருந்தது. வீட்டுக் கூடத்தில் இறக்கி, அம்மா அவர் வாயில் காவேரித் தண்ணீர் தொட்டு வைத்த பிறகு அந்தப் பையன் குழாயை எடுத்தான். இரண்டு மணி நேரம் மூச்சு இழுத்தது. அந்த இரண்டு மணி நேரத்துக்கு அவருக்கு வலி இருந்ததா, மூச்சு முட்டியதா, அதற்கு ஒரு ஊசி மருந்து கொடுக்க முடிந்திருக்குமா என்று பார்க்க ஒரு டாக்டரும் பக்கத்தில் இல்லை.

காரியம் முடிந்து பத்து நாளில், இறப்புச் சான்றிதழைக் காட்டியதும், அம்மா கையில் அந்த 4 லட்சம் வந்தது.

அதற்கும் பிறகுதான், டீக்கடையில் ஒரு வக்கீல் நண்பர் சாதாரணமாகச் சொன்னார், நாங்கள் அப்படித் திருட்டுத்தனமாகத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டியதே இல்லை என்று. 2018 மார்ச் 9-ம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கௌரவமாகச் சாவதும் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உரிமைக்குள் அடங்கும் என்று சொல்லியிருக்கிறது. மீள வழியில்லாத நிலையில் உயிரை இழுத்துப் பிடிக்கும் கருவிகளை விலக்கலாம். ஊசி போட்டு உயிரை எடுப்பது வேறு, அது இன்றைக்கும் குற்றம்தான். விலக்குவதை ஆஸ்பத்திரிக்குள்ளேயே, மருந்தும் கவனிப்பும் தொடர, முறையாகச் செய்யலாம். சிகிச்சை தரும் டாக்டரும் இன்னும் இரண்டு நிபுணர்களும் சேர்ந்து ஒரு குழு. அவர்கள் சொன்னதைச் சரிபார்க்க இரண்டாவது குழு, அதில் ஒருவர் மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் டாக்டர். இரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். பிறகு ஆஸ்பத்திரி மாஜிஸ்டிரேட்டுக்குத் தகவல் கொடுத்துவிட்டு விலக்கலாம். நோயாளி எதுவும் எழுதி வைக்காவிட்டாலும் நெருங்கிய உறவினர் சம்மதத்தோடு இதே வழி உண்டு. நாங்கள் இருந்த ஆஸ்பத்திரியில் இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. கேட்கத் தெரியாதது என் தப்பு என்று வைத்துக்கொண்டாலும், அந்தச் சொந்த விருப்பக் காகிதம் மட்டும் எப்படி அச்சடித்துத் தயாராக இருந்தது?

நோயாளியே முன்கூட்டி எழுதி வைத்திருந்தால் நானும் அக்காவும் கேண்டீனில் அடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பேப்பரில் லிவிங் வில் என்று போடுகிறார்களே, அதுதான். உயில் சாவுக்குப் பிறகு வாய் திறக்கும் காகிதம். இது சாவுக்கு முன் பேச வேண்டியது. உயிலுக்கும் உயிருக்கும் கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம், இத்தனை வருடம் அதை நான் கவனிக்கவில்லை. 2018-ல் இதற்கு மாஜிஸ்டிரேட் கையெழுத்து வேண்டும் என்று வைத்திருந்ததால் யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. 2023 ஜனவரி 24-ல் அதைத் தளர்த்திவிட்டார்கள். எழுதுகிறவர் கையெழுத்து, கூடுமானவரை குடும்பத்துக்கு வெளியிலிருந்து இரண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி சான்று. அவ்வளவுதான். பதிவு செய்ய வேண்டாம். மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்து செய்யலாம். தனக்காக முடிவு சொல்ல ஒருவருக்கு மேற்பட்டவர்களின் பெயரையும் குறிப்பிடலாம்.

எங்கள் பக்கத்தில் படுக்கையில் விழுவதற்கு முன்னேற்பாடு என்றால் ஆட்களுக்குத் தெரிந்தது செட்டில்மெண்ட் ஒன்றுதான். "எழுதிக் குடுத்துட்டா பாத்துப்பான்." வாரத்துக்கு இரண்டு பேராவது வருவார்கள், கூடவே மகனோ மருமகளோ. செட்டில்மெண்ட் எழுதிய நிமிடமே சொத்து கை மாறுகிறது, நினைத்தபோது திருப்பி வாங்க முடியாது, உயில் என்றால் சாகும்வரை மாற்றலாம் என்று நான் சொல்லும்போது அந்த மருமகள் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே! எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் ஆயுள்கால அனுபவ பாத்தியமும் பராமரிப்பு நிபந்தனையும் ஒரு வரி சேர்க்காமல் நான் விடுவதில்லை. பராமரிக்காவிட்டால் 2007-ம் வருட மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவில் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடம் போய்ப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க அந்த வரிதான் பிடிமானம். நிபந்தனை இருந்தாக வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொன்றில் பெற்றோர் பக்கம் கொஞ்சம் தாராளமாகவே பார்த்தது. ஆனால் எந்தப் பக்கம் போகும் என்று கோர்ட்டை நம்பி உட்காருவதைவிட ஒரு வரி அடிப்பது சுலபம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். போன வருடம் தை பிறந்ததும் எனக்கே எழுதிக்கொண்டேன். ஆயிரக்கணக்கில் எழுதியவனுக்கு முதல் வரியே ஓடவில்லை. பழக்கதோஷத்தில் 'சொத்து விபரம்' என்று தலைப்பு அடித்துவிட்டு அழித்தேன். பிறகு பேசுவது போலவே எழுதினேன். நினைவு தப்பி, இனி மீள வழியில்லை என்று டாக்டர்கள் முடிவு செய்யும் நிலை வந்தால், வென்டிலேட்டர், டயாலிசிஸ், நின்ற நெஞ்சை அழுத்தி எழுப்புவது, தொண்டைத் துளை எதுவும் வேண்டாம். வலியும் மூச்சுத்திணறலும் தெரியாமலிருக்க என்ன மருந்து உண்டோ அது தாராளமாக வேண்டும். மீள வழி இருந்தால் எல்லாம் செய்யுங்கள், அப்போது காசு பார்க்காதீர்கள். கடைசி வரி சட்டத்துக்காக இல்லை, அக்காவுக்காக.

முடிவு சொல்பவராக அக்கா பெயரைத்தான் முதலில் போட்டேன், என் வீட்டுக்காரி பெயர் இரண்டாவது. இதில் வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. எனக்கு நேர் எதிராக நின்றவளையா என்று வக்கீல் நண்பரும் கேட்டார். அக்கா லேசில் விடமாட்டாள். அவள் வாயிலிருந்து 'போதும்' என்று வந்தால், அது நிஜமாகவே போதும். நான் போனில் சொன்னபோது ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எனக்கும் ஒண்ணு எழுதுடா" என்றாள்.

சாட்சிக்கு டீக்கடைக்காரரையும் ரிட்டையர்டு தலைமையாசிரியர் ஒருவரையும் கூப்பிட்டேன். டீக்கடைக்காரர் படித்துவிட்டு, "உசுரோட இருக்கறப்பவே கருமாதிப் பத்திரிகை அடிச்சிட்டீங்களே" என்றார். போட்டுவிட்டுத்தான் போனார். அதிகமாக இழுத்தது ஊராட்சி அலுவலகம். எழுதியதில் ஒரு பிரதியை உள்ளாட்சியிடம் கொடுக்க வேண்டும், அவர்கள் அதைப் பாதுகாக்க ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது தீர்ப்பிலேயே இருக்கிறது. அங்கிருந்தவர் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்து, "இதுக்கு ரசீது போட எங்கிட்ட தலைப்பே இல்லையே. வீட்டு வரியா, குடிதண்ணி வரியா?" என்றார். இரண்டாம் தடவை ஆள் இல்லை. மூன்றாம் தடவை 2023 தீர்ப்பைப் பிரிண்ட் எடுத்து, அந்தப் பத்தியில் மஞ்சள் கோடு போட்டுக் கொண்டுபோனேன். தபால் பதிவேட்டில் ஒரு எண் போட்டு வாங்கிக்கொண்டார். பீரோவில் எந்தத் தட்டில் வைத்தார் என்பதையும் பார்த்து வைத்துக்கொண்டேன்.

மற்ற வேலைகள் சில்லறை. சேமிப்புக் கணக்கை அம்மாவும் நானும் சேர்ந்து, இருவரில் யாரும் எடுக்கலாம் என்று மாற்றினேன். ஆனால் அதே முறையில் போட்ட டெபாசிட்டை இடையில் உடைக்க இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். ஒருவரே உடைக்கலாம் என்று முன்கூட்டியே இருவரும் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தைக் கொடுத்தேன். 2025 நவம்பரிலிருந்து ஒரு கணக்குக்கு நாலு நாமினி வரை போடலாம் என்று வந்ததும், மேனேஜர் தானே போன் செய்து சொன்னார். நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர்தான், வாரிசு ஆகிவிட மாட்டார் என்பதால் உயிலும் எழுதிப் பதிவு செய்தேன். பூச்சிமருந்துக் கடை பாக்கி முதல் போன் பாஸ்வேர்டு வரை ஒரு 40 பக்க நோட்டில் எழுதி அரிசிப் பானை மாடத்தில் வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்த அம்மா ஒருநாள் கீரை ஆய்ந்தபடி, "எனக்கும் அந்தக் காயிதம் எழுது" என்றாள். திண்ணையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். மிஷின்?

"வேண்டாம்."

மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி?

"வாயால குடிக்க முடிஞ்சா குடு. இல்லாட்டி விடு."

ஆஸ்பத்திரியா, வீடா?

"வீடு. ஆனா அப்பாவுக்கு ஆன மாதிரி வேண்டாம். ஊசி போட ஒரு நர்சு வரணும்." அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுக்கையில் கிடப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள் என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது, பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு அப்படித்தான் வருகிறார்களாம்.

ஆறு பத்தி அடித்து முடித்து முழுக்கப் படித்துக் காட்டினேன். "எல்லாம் சரி. இன்னொண்ணு எழுது" என்றாள். "நான் உசுரோட இருக்கறவரைக்கும் என் மூக்குத்தியைக் கழட்டக் கூடாது."

"அம்மா, ஸ்கேனுக்குள்ள போகணும்னா கழட்டித்தான் ஆகணும்."

கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப ஸ்கேன் முடிஞ்சதும் திரும்பப் போட்டுடணும்னு எழுது. கத்தரிக்கோல் வைக்கக் கூடாதுன்னும் எழுது."

ஏழாவது பத்தியாக அதை அடித்தேன். கும்பகோணத்தில் நோட்டரி ஒவ்வொரு பத்தியாக அம்மாவுக்குப் படித்துக் காட்டி, புரிந்ததா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், ஏழாவதில் நின்று கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு அதையும் சத்தமாகப் படித்தார். "ஆமா" என்றாள் அம்மா. சீல் வைத்தார்.